குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா? நாள் கணக்கை இப்படி எடுங்கள்

"மாதவிடாய் தொடங்கி 14ஆம் நாள்தான் கரு தங்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி, மாதாமாதம் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்து ஏமாறும் பெண்கள் நிறையப் பேர். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்குத்தான் அது ஓரளவு பொருந்தும். உங்கள் நாளை உங்கள் காலண்டரில்தான் தேட வேண்டும்.

முதல் நாள் எது?

பலருக்கும் இங்கேதான் கணக்கு பிசகுகிறது. நம் வீடுகளில் தலைக்குக் குளித்த நாளை வைத்து எண்ணும் பழக்கம் இருக்கிறது. அப்படி எண்ணினால் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போய்விடும். நாப்கின் வைக்கும் அளவுக்கு இரத்தப்போக்கு தொடங்கிய நாள்தான் முதல் நாள். முந்தைய நாள் லேசாகக் கறை பட்டதைச் சேர்க்க வேண்டாம்.

அந்தத் தேதியை வட்டமிடுங்கள். ஜூன் 3இல் வந்து மறுபடி ஜூலை 2இல் வந்தால், உங்கள் சுழற்சி 29 நாள். குறைந்தது மூன்று மாதமாவது இப்படிக் குறித்து வாருங்கள்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்னால் கருமுட்டை வெளிவருகிறது என்று ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோ 1924இல் எழுதினார். நடுவாக 14 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சுழற்சி 27, 30, 32 என்று மாறி மாறி வந்தால், 27இல் 14 போக 13. 32இல் 14 போக 18. ஆக, 13ஆம் நாளுக்கும் 18ஆம் நாளுக்கும் இடையில் முட்டை வரலாம்.

ஆனால் 13ஆம் நாள் வரை காத்திருக்காதீர்கள். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. விந்தணுவோ உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அது முன்னதாகவே போய்க் காத்திருப்பதுதான் நல்லது. எனவே 8ஆம் நாளில் தொடங்கி 18 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தாலே போதும்.

உடம்பு காட்டும் அடையாளம்

கழிப்பறைக்குப் போகும்போது வெள்ளைப்படுதலைக் கவனியுங்கள். கெட்டியாக, பிசுபிசுப்பாக இருந்தது பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, விரலிடுக்கில் இழுத்தால் நீளும்படி மாறினால் அவைதான் உகந்த நாட்கள். காசில்லாமல் கிடைக்கும் இந்த அடையாளத்தை நான் காலண்டருக்கும் மேலாக நம்புவேன். நாற்றமோ அரிப்போ இருந்தால் அது வேறு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

முட்டை வெளிவரப்போவதைச் சிறுநீரை வைத்துக் காட்டும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப் மருந்துக்கடையில் கிடைக்கும், அதுவும் உதவும். கர்ப்பப் பரிசோதனையில் மங்கலான கோடும் கணக்கில் வரும்; இதில் வராது. சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ தெரிந்தால்தான், அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும் என்று பொருள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு இது தவறாகக் காட்டக்கூடும்.

அப்புறம், முயற்சி தொடங்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால், 35 வயதைத் தாண்டியவர் ஆறு மாதத்திலேயே, மருத்துவரைப் பாருங்கள். சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35ஐத் தாண்டியோ வந்துகொண்டிருந்தால் அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம். போகும்போது காலண்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு, கணவரையும் அழைத்துப் போங்கள். விந்துப் பரிசோதனை எளிது, அதைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும்.