ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி ஃபியூஸ்

கேம்பர்வேனில் இரண்டு லித்தியம் பேட்டரிகளை பேரலலாக இணைக்கிறீர்களா? இன்வெர்ட்டருக்குப் போகும் மெயின் ஒயரில் உள்ள ஒரு ஃபியூஸ் மட்டும் போதாது. ஒரு பேட்டரி உள்ளே ஷார்ட் ஆனால், மற்றது தன் கரண்டை எல்லாம் அதற்குள் கொட்டும். அந்தப் பாதையில் மெயின் ஃபியூஸே கிடையாது. அதனால் ஒவ்வொரு பாசிட்டிவ் முனையையும் ஒட்டியே தனி ஃபியூஸ் வையுங்கள்.

அதன் ஆம்ப் அளவு, ஒயர் தாங்குவதைத் தாண்டக் கூடாது. சரி, எந்த வகை? லித்தியம் ஷார்ட்டில் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி பாலம் போட்டு கரண்ட் தொடரலாம். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் பொதுவாக 20,000 ஆம்ப் வரை துண்டிக்கும். விலை கூடத்தான், இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம், இணைக்கும் முன் இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் ஏற்றி, மல்டிமீட்டரில் வோல்ட் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.