பெர்னினா எக்ஸ்பிரஸ்: கண்ணாடிப் பெட்டிக்காகக் காத்திருக்காதீர்கள்

ஆல்ப்ஸ் பனிமலை ரயில் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, கூரை வரை கண்ணாடி வைத்த பெட்டியில் இடம் கிடைக்குமா என்றுதான். கிடைக்கவில்லை என்றால் பயணத்தையே ரத்து செய்கிறவர்களும் உண்டு, அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை போகிற பெர்னினா எக்ஸ்பிரஸ் ஓடும் அதே தண்டவாளத்தில், அதே பாலங்கள் மேலேதான் சாதாரண சிவப்பு ரயில்களும் நாள் முழுக்க ஓடுகின்றன. வழியில் ரயில் மாற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதற்கு முன்பதிவு கட்டாயமில்லை. சில பெட்டிகளில் ஜன்னலையும் இறக்கிவிடலாம். கண்ணாடிப் பெட்டியில் ஜன்னல் திறக்காது என்பதால், எடுக்கிற படத்தில் மலைக்கு நடுவே உங்கள் மஞ்சள் ஸ்வெட்டரும் எதிர் சீட்காரரின் வழுக்கையும் சேர்ந்தே விழும். கண்ணாடிப் பெட்டிதான் வேண்டும் என்றால் அடர் நிற உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கான சுவிஸ் டிராவல் பாஸ் கையில் இருக்கிறதே என்று நேராகப் போய் அந்தப் பெட்டியில் ஏறிவிடவும் கூடாது. பாஸ் டிக்கெட்டுக்குத்தான். சீட் முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

அடுத்தது, பலரை ஏமாற்றுகிற விஷயம். ஆறு கல் வளைவுகள் தாங்கி நிற்க, 65 மீட்டர் உயரத்தில் வளைந்துபோய், நேராகப் பாறைக்குள் இருக்கும் சுரங்கத்தில் நுழைகிறதே, அந்த லான்ட்வாசர் பாலத்தின் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் டிக்கெட் வாங்குகிறார்கள். ஆனால் செயின்ட் மோரிட்ஸ் என்ற ஊரில் ஏறித் திரானோ போனால் அந்தப் பாலம் வரவே வராது. அது கூருக்கும் செயின்ட் மோரிட்ஸுக்கும் இடையில் இருக்கிறது. கூரிலிருந்து ஏறுங்கள், வலது பக்கம் உட்காருங்கள்.

மேலே 2253 மீட்டரில், ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தை ஒட்டி லாகோ பியாங்கோ ஏரி. குளிர்காலத்தில் அது உறைந்து, மேலே பனியும் மூடி, ஏதோ வெள்ளை மைதானம் மாதிரி கிடக்கும். ஏரி எப்போது வரும் என்று தேடிக்கொண்டே அதைக் கடந்துபோகாதீர்கள், அதுவும் வலது பக்கம்தான்.

உச்சி தாண்டியதும் எல்லாம் முடிந்தது என்று போனை உள்ளே வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும். இனிமேல்தான் ரயில் 40 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 429 மீட்டர் உயரத்தில் இருக்கும் திரானோவுக்கு இறங்கப்போகிறது, அதுவும் பல்சக்கரம் இல்லாமல். நம் ஊட்டி ரயில் 12-க்கு 1 ஏற்றத்தைப் பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறுகிறது (அதன் பழைய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை). இங்கே சரிவு நூற்றுக்கு ஏழு. அதற்கு மேல் போகக்கூடாது என்பதற்காகத்தான் புரூசியோ என்ற ஊரில் வட்டமாக ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். ரயில் ஒரு முழு வட்டம் அடித்து, தான் வந்த பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகும். கடைசிப் பெட்டியில் இருந்தால் உங்கள் இன்ஜினையே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

பனிக்காலத்தில் மதிய ரயிலைப் பிடிப்பதும் வீண். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், பள்ளத்தாக்கில் வெயில் இன்னும் சீக்கிரமே மறைந்துவிடும். காலை ரயில்தான் சரி. உள்ளே ஹீட்டர் போட்டிருப்பார்கள் என்பதால் மூன்று அடுக்கு தெர்மல் போட்டுக்கொண்டு போய் வேர்த்து வழிய வேண்டாம், கழற்றி மாட்ட வசதியாக ஒரு கோட்டு போதும். கூலிங் கிளாஸ் மட்டும் மறக்காதீர்கள், வெயில் அடிக்கிற நாளில் பனியைப் பார்த்துக் கண் கூசிப்போகும்.

பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் பூட்டிவைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். திரானோ இத்தாலி. ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும் என்றாலும் யாராவது கேட்டால் காட்ட வேண்டும். இறங்கியதும் அடுத்த ரயிலிலேயே திரும்பி ஓடாமல் அங்கேயே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள், சுவிட்சர்லாந்து விலைக்கு அது எவ்வளவோ தேவலை.