தாக்கோல் எங்க மக்களே? எல்லையோரச் சொற்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

கேரள எல்லையோரத்து மார்த்தாண்டத்துக்கு வாடகைக்கு வந்த புதிதில் வீட்டுக்கார அம்மா, "தாக்கோல எங்க வச்சே மக்களே?" என்று கேட்டார். யாரைத் தாக்க என்று முழித்தேன். கேட்டது சாவியை. 'மலையாளம்' என்று நோட்டில் எழுதி மூடிவிட்டேன். அதுதான் தப்பு.

முதல் வேலை, சொல்லை முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். யார் சொன்னது, எந்த ஊர், என்ன வயது என்பதும் வேண்டும். வெறும் சொல்லாக எழுதினால் ஒரு மாதத்தில் மறந்துபோகும். போனை நீட்டினால் பாதிப் பேர் மேடைத்தமிழுக்கு மாறிவிடுவார்கள். நான் நோட்டோடு சரி.

அப்புறம் களியக்காவிளையைத் தாண்டி, கேரளத்துப் பாறசாலையில் சாவியையே காட்டிப் பெயர் கேளுங்கள். "இதைத் தாக்கோல் என்பீர்களா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

இனி சொல்லைப் பிரியுங்கள். கோல் தெரிகிறது. 'தா'? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை (1924–36) இணையத்தில் காசில்லாமல் தேடலாம். தாழ் என்றால் தாழ்ப்பாள். தாழக்கோல் என்றால் திறவுகோல். 'அடைக்கும் தாழ்' என்கிறாரே வள்ளுவர், அதே தாழ். மலையாளத்துக்கு குண்டர்ட்டின் 1872ஆம் ஆண்டு அகராதி. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் பிற திராவிட மொழிகளில் உள்ள உறவான சொற்களை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

நம் 'சாவி'தான் போர்ச்சுக்கீசியர் கொடுத்தது!

'வெள்ளமும்' தாக்கோல் மாதிரிப் பழைய தமிழ்தான். இங்கே மேற்குப் பக்கம் குடிக்கிற தண்ணீரே வெள்ளம். இந்த விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதனால் மலையாளத் தாக்கம் என்று முடிவுகட்டத் தோன்றும். 595ஆம் குறளைப் பாருங்கள்: 'வெள்ளத் தனைய மலர்நீட்டம்'. குளத்துத் தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுதான் பூவின் தண்டு. அங்கே ஆற்றில் வெள்ளமெல்லாம் வரவில்லை.

அதற்காகக் காதில் விழுவதையெல்லாம் சங்கத்தமிழ் ஆக்கிவிடாதீர்கள். 'கசேரை' என்றால் நாற்காலி, போர்ச்சுக்கீசியச் சொல். யாழ்ப்பாணத்தில் அதுவே கதிரை. இங்கேதான் பொருளின் வரலாறு உதவும். நிலக்கடலைக்குக் 'கப்பலண்டி' என்று பெயர். அண்டி என்றால் கொட்டை. செடி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, பெயரிலேயே கப்பலும் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியவன் நான்.