கைக்குழந்தைய மல்லாக்க தூங்க வைங்க, பக்கத்துல எதுவும் வேணாம்

எனக்கு அம்மா வீடு சேலம் அம்மாபேட்டை, மாமியார் வீடு ஏற்காடு. பையனுக்கு மூணு மாசம் இருக்கும்போது மலைக்கு தூக்கிட்டு போனோம், நல்ல மார்கழி குளிரு. மதியம் தூங்குறானேன்னு எட்டிப் பார்த்தா ரெண்டு ஸ்வெட்டர், கம்பளி குல்லா, அதுக்கும் மேல பெரியவங்க போத்துற தடி கம்பளி, பின்கழுத்துல கைய விட்டா முடியெல்லாம் வேர்த்து நனைஞ்சு ஒட்டிக் கெடக்கு. கை கால் சில்லுனு இருக்கேன்னு அத்தை பாசத்துல போத்தி விட்டிருக்காங்க. கைக்குழந்தைக்கு கை கால் சில்லுனு இருக்கறது சகஜம், சூடு பார்க்கணும்னா பின்கழுத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்க. நாம போட்டிருக்கறத விட ஒரே ஒரு துணி கூட போட்டா போதும், வீட்டுக்குள்ள தூங்கும்போது குல்லா வேணாம்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, நல்லா இருந்த குழந்தை தூக்கத்துலயே போயிடும், போஸ்ட்மார்ட்டம் பண்ணாலும் காரணம் கிடைக்காது, இதத்தான் டாக்டருங்க சிட்ஸ்னு சொல்றாங்க. ஒரு வயசுக்குள்ள வர்றது, அதுலயும் பெரும்பாலும் ஆறு மாசத்துக்கு முன்னாடி, 2லேருந்து 4 மாசம் வரைக்கும்தான் ரொம்ப ஜாஸ்தி. முழுசா தடுக்க வழி கிடையாது, ஆனா ரிஸ்க்க நெறையவே கொறைக்கலாம். இதுல குழந்தைய பறிகொடுத்த தாய்கிட்ட போய் "நீ பார்த்துக்கல"ன்னு தயவுசெஞ்சு யாரும் பேசாதீங்க, எல்லாம் சரியா செஞ்ச வீட்டுலயும் நடக்குது.

முதல் விஷயம், ராத்திரி தூக்கமோ பகல் தூக்கமோ மல்லாக்கதான் போடணும். "மல்லாக்க போட்டா கக்குற பால் புரையேறிடும்"னு எங்க வீட்டுலயும் சொன்னாங்க. உண்மைல மல்லாக்க படுத்தா மூச்சுக்குழல் மேலயும் உணவுக்குழல் கீழயும் இருக்கும், கக்குன பால் மேல ஏறித்தான் மூச்சுக்குழலுக்குள்ள போகணும், குப்புற போட்டாதான் அது அப்படியே தலைகீழ். ஒருக்களிச்சும் வேணாம், உருண்டு குப்புற விழுந்துடும். அமெரிக்கால 1994ல மல்லாக்க போடுங்கன்னு ஊர் பூரா பிரச்சாரம் பண்ணாங்க, அதுக்கப்புறம் பத்து வருஷத்துல இந்த சாவு பாதியா கொறைஞ்சுது. தலை தட்டையாகும்னு பயமா இருந்தா முழிச்சிருக்கும்போது குப்புற போட்டு பக்கத்துலயே உக்காந்து விளையாட்டு காட்டுங்க.

படுக்கை கெட்டியா, சமமா இருக்கணும். இலவம்பஞ்சு மெத்தைல அழுத்தினா பள்ளம் விழுது பாருங்க, அதுல மூக்கு புதைஞ்சா குழந்தையால திரும்ப முடியாது. கடுகு தலகாணி, கொசுவலை பெட்டோட வர்ற குட்டி தலகாணி, ரெண்டு பக்க உருளை, பொம்மை எல்லாத்தையும் எடுத்துடுங்க. கழுத்துல கட்டுன கருப்பு கயிறும் வேணாம்.

தூளி பத்தி சொன்னா நெறைய பேருக்கு வருத்தம் வரும், நானே தூளில வளந்தவதான். ஆனா சேலைத்தூளில குழந்தை வளைஞ்சு கெடக்கும், முகவாய் நெஞ்சுல இடிச்சு மூச்சு போற வழி அடைபடும், துணியும் மூஞ்சிய மூடும். ஆட்டணும்னா பக்கத்துலயே இருந்து ஆட்டுங்க, கண்ணு சொக்கினதும் தூக்கி சமமான எடத்துல போட்டுடுங்க.

ஆறு மாசம் வரைக்குமாவது ஒரே ரூம்ல, ஆனா தனி படுக்கைல. எங்க அம்மா வீட்டுல என் பாய்க்கு பக்கத்துல இன்னொரு பாய், அதுமேல ஜமக்காளத்த இழுத்து விரிச்சு போட்டிருந்தோம், அவ்ளோதான். பால் குடுத்துட்டே சோபால தூங்கிடுறது எல்லாத்தையும் விட ஆபத்து. குறைமாசத்துல பொறந்தது, எடை கம்மியா பொறந்தது, வீட்டுல யாராவது பீடி சிகரெட் குடிக்கிறவங்க, தண்ணி போட்டவங்கன்னா ஒண்ணா படுக்கவே கூடாது. கர்ப்பத்துலேருந்தே பீடி சிகரெட் புகை பக்கத்துலயே வரக்கூடாது. சாம்பிராணி புகையையும் நான் நிறுத்திட்டேன், பிஞ்சு நுரையீரலுக்கு எதுக்கு அது. ஏற்காட்டுல குளிருக்கு மூடுன ரூம்ல கரி கணப்பு வெக்கிறது வீட்டுல எல்லாருக்குமே ஆபத்து.

தாய்ப்பால் குடுக்கறது, தடுப்பூசிய தேதி தவறாம போடுறது ரெண்டும் ரிஸ்க்க கொறைக்குது.

இதெல்லாம் அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாது, பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா யார் தூங்க வெச்சாலும் இதேதான். தினமும் மல்லாக்க தூங்கி பழகுன குழந்தைய ஒரு நாள் குப்புற போட்டா ரிஸ்க் இன்னும் ஏறும். தானா ரெண்டு பக்கமும் புரள கத்துக்கிட்டப்புறம் தூக்கத்துல அதுவா திரும்பினா விட்டுடலாம், ஆனா போடும்போது மல்லாக்கதான் போடணும், துணில இறுக்கி சுத்துறத புரள முயற்சி பண்ணும்போதே நிறுத்திடணும்.