மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று: பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில், கோம்பி வேன், போர்ஷே 911 கார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றால் குளிரும் எஞ்சினில் ரேடியேட்டர் கிடையாது. கொதித்துப் புகைந்து எச்சரிக்கத் தண்ணீரும் கிடையாது. சூடு எல்லை மீறுவது பெரும்பாலும் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. தெரியவரும்போது வால்வு அமரும் வளையமான வால்வு சீட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் சிலிண்டரை மூடும் ஹெட்டில் வெடிப்பு விழுந்திருக்கும்.

"சிங்கப்பூர் வெயிலுக்கு இந்த எஞ்சின் தாங்காது" என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியல்ல. இதே வகை 1600 சிசி எஞ்சினோடு பீட்டில் கார் 2003 வரை மெக்சிகோவில் தயாரிக்கப்பட்டு அந்த ஊர் வெயிலிலேயே ஓடியது. இங்கே பகலில் 32 டிகிரி. அது இந்த எஞ்சினுக்குப் புதிதல்ல. நம் ஊரில் சூடாகும் கார்களைப் பார்த்தால், முப்பது நாற்பது ஆண்டுகளில் பல கைகள் மாறி, ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒரு தகடு அல்லது ரப்பர் காணாமல் போயிருக்கும். குறை பெரும்பாலும் அங்கேதான்.

காற்று போகும் வழியை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பீட்டிலில் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள துளைகள் வழியாக வெளிக்காற்று எஞ்சின் அறைக்குள் வருகிறது. ஜெனரேட்டர் தண்டில் பூட்டிய ஃபேன் அதை இழுத்து, தன்னைச் சுற்றியுள்ள தகட்டு உறையான ஃபேன் கூட்டுக்குள் அழுத்தி, சிலிண்டர்கள் மீதும் ஹெட்டுகள் மீதும் கீழ்நோக்கித் தள்ளுகிறது. சூடான காற்று காருக்கு அடியில் வெளியேறுகிறது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும் அவற்றின் விளிம்பில் உள்ள ரப்பர் சீலும் மேல் அறையையும் அடிப்பகுதியையும் முழுதாகப் பிரித்து வைக்கின்றன. அந்தப் பிரிவு உடைந்தால், எக்ஸாஸ்ட் குழாயை உரசி வந்த சூடான காற்றையே ஃபேன் மறுபடி இழுக்கும். அதன்பின் எத்தனை பெரிய ஆயில் கூலர் வைத்தாலும் அது குளிரவேண்டியது சூடான காற்றில்தான்.

கழற்றிய ஹீட்டர் விட்டுச்செல்லும் ஓட்டைகள்

சிங்கப்பூரில் யாருக்கும் ஹீட்டர் தேவையில்லை. அதனால் எக்ஸாஸ்ட் மாற்றும்போது ஹீட்டர் பெட்டிகளைக் கழற்றிவிட்டு வெறும் வளைகுழாய் போட்டுவிடுவது இங்கே வழக்கம். அதில் தவறில்லை. தவறு அடுத்த கட்டத்தில் நடக்கிறது. 1963-க்குப் பிறகு வந்த மாடல்களில் ஃபேன் கூட்டின் இரு பக்கமும் ஹீட்டருக்குக் காற்று அனுப்பும் வாய்கள் உண்டு. அங்கிருந்து இரண்டு குழாய்கள் பின்தகட்டைத் துளைத்துக் கீழே இறங்கும். ஹீட்டரோடு குழாய்களையும் எடுத்துவிட்டால் நான்கு ஓட்டைகள் மிஞ்சும். கூட்டில் உள்ள இரண்டின் வழியே ஹெட்டுக்குப் போகவேண்டிய காற்று வீணாக வெளியே கொட்டும். தகட்டில் உள்ள இரண்டின் வழியே சூடான காற்று மேலே ஏறும். நான்கையும் அடைக்க வேண்டும். கூட்டின் வாய்களுக்குத் தயார் மூடிகள் கிடைக்கும். பின்தகட்டுக்கு ஓட்டை இல்லாத தகடே விற்பனைக்கு உண்டு. துணியையோ டேப்பையோ திணிக்காதீர்கள். அது பிய்ந்து ஃபேனுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசம்.

எரிபொருள் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைச் சூடாக்கும் மெல்லிய குழாய்கள் பின்தகட்டைக் கடக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே சிறு மூடித் தகடுகள் இருக்கவேண்டும். ஸ்பார்க் பிளக் வயர்களின் நுனியில் தட்டையான ரப்பர் வளையம் உண்டு. பிளக் துளையை அடைப்பது அதன் வேலை. விலை குறைந்த வயர் செட்டுகளில் அது வருவதே இல்லை. நான்கு துளைகளும் ஹெட்டுக்கு நேர் மேலே இருப்பதால், அவ்வழியே தப்பும் காற்று மிகவும் தேவைப்படும் இடத்தில் இழக்கும் காற்று.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்க எளிய வழி இது. இருட்டிய பிறகு, பலமாடி கார் நிறுத்துமிடத்தில் விளக்கு மங்கிய மூலையாகப் பாருங்கள். எஞ்சின் அறைக்குள் பிரகாசமான எல்இடி விளக்கை வைத்துவிட்டு, கீழே குனிந்து பின்பக்கமிருந்தும் சக்கர வளைவிலிருந்தும் பாருங்கள். வெளிச்சம் தெரியும் ஒவ்வொரு இடமும் சூடான காற்று ஏறும் இடம். வழக்கமாக இரண்டு இடங்களில் தெரியும்: எஞ்சினின் முன்விளிம்பு, அதாவது கியர்பாக்ஸ் பக்கம், பிறகு பின்தகட்டின் இரு மூலைகள். முன்பக்கச் சீலை எஞ்சினை இறக்காமல் ஒழுங்காக மாற்றுவது கடினம் என்பதால், கிளட்ச் வேலைக்காக எஞ்சின் இறங்கும் நாளில் அதையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். சில பத்து வெள்ளி மிச்சம் பிடிக்கும் இடமல்ல இது.

எண்ணால் உறுதிசெய்ய விரும்பினால், கம்பி நீண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை ஃபேன் வாய்க்குச் சற்று முன்னால், சுழலும் எதிலும் படாதபடி கட்டி, அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெளி வெப்பத்தைவிடச் சில டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. இருபது டிகிரி கூடுதலாகக் காட்டினால் சூடான காற்று சுற்றிச் சுற்றி வருகிறது என்று பொருள்.

கண்ணுக்குத் தெரியாத தகடுகள்

எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது அதிகம் விடுபடுவது, சிலிண்டர்களுக்கு அடியில், இரண்டிரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே மாட்டும் சிறு வளைதகடு. வெளியில் தெரியாது, அதில்லாமலும் எஞ்சின் ஓடும். ஆனால் மேலிருந்து வரும் காற்றைச் சிலிண்டரின் அடிப்பக்கம் வரை சுற்றி அழைத்துப் போவது அதுதான். அது இல்லையென்றால் காற்று சிலிண்டர்களுக்கு இடையே நேராக விழுந்துவிடும், கீழ்ப்பாதி சூடாகவே கிடக்கும். பட்டறையில் எஞ்சின் கட்டும் நாளில் இந்த இரு தகடுகளும் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

அதே நாளில் ஹெட்டில் சூட்டை வெளியேற்றும் மெல்லிய துடுப்புகளையும் பாருங்கள். வார்ப்பில் எஞ்சிய மெல்லிய அலுமினியத் திரை சில துடுப்புகளின் இடைவெளியை, குறிப்பாக எக்ஸாஸ்ட் போர்ட் அருகே, முழுதாக அடைத்திருக்கும். மெல்லிய அரத்தால் எடுத்துவிடலாம். துடுப்புகளில் கனமாகப் பெயின்ட் பூசுவது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். பூசித்தான் ஆகவேண்டுமென்றால் ஒரே ஒரு மெல்லிய கறுப்புப் பூச்சு போதும். பளபளக்கும் குரோம் தகடுகள் கண்ணுக்கு அழகு. ஆனால் பல செட்டுகள் மெலிந்தவை, ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாதவை. பழைய அசல் தகட்டைத் தட்டி நிமிர்த்தி, துருவெடுத்துக் கறுப்பு அடிப்பதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிவதற்கு முன்

ஃபேன் கூட்டின் அடியில் காற்றைத் திறந்து மூடும் இரண்டு மடல்கள் இருக்கின்றன. எஞ்சினுக்குக் கீழே உள்ள பித்தளைத் தெர்மோஸ்டாட் 65 முதல் 70 டிகிரியில் விரிந்து அவற்றைத் திறக்கும். "இந்த ஊரில் குளிரே இல்லை, எதற்கு?" என்று இதைக் கழற்றுகிறார்கள். 28 டிகிரி காலையிலும் எஞ்சினுக்கு அது குளிர்ந்த நிலைதான். மடல்கள் மூடியிருந்தால் ஆயிலும் சிலிண்டரும் சீக்கிரம் வேலைச் சூட்டுக்கு வரும், தேய்மானம் குறையும். கடைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் ஓடும் காருக்கு இது சிறிய நன்மையல்ல. தெர்மோஸ்டாட் கசிந்து கெட்டாலும் அது விரிந்த நிலையிலேயே நிற்கும், மடல்கள் திறந்தே இருக்கும்.

உண்மையான ஆபத்து வேறு. சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்த கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரும். மற்ற நாட்களில் நம் ஈரக்காற்றில் நிற்கும்போது, மடல்களை இயக்கும் கம்பி துருப்பிடித்து மூடிய நிலையிலேயே இறுகிவிடலாம். அப்படியே கிளப்பிக்கொண்டு போனால் ஹெட்டுக்கு ஆபத்து. ஆண்டுக்கொரு முறை தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கம்பியைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்; தடையில்லாமல் நகர வேண்டும். தெர்மோஸ்டாட்டை 70 டிகிரித் தண்ணீரில் போட்டால் அதன் மொத்த நீளம் 46 மில்லிமீட்டரையாவது எட்ட வேண்டும். காரை வெகுநாள் கழித்து எடுக்கும்போது ஃபேன் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த இலை, எலி இழுத்துவந்த பஞ்சு, துடைத்து மறந்துபோன துணி என்று எல்லாம் அங்கே போய்ச் சேரும்.

மூடியைத் தூக்கி வைப்பது, மழைக்கு அடைப்பது

எஞ்சின் மூடியை இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்தும் கம்பிகள் விற்கிறார்கள். நிற்கும் காரில் சூடு வெளியேறுவது போலத் தோன்றும். ஓடும்போது காருக்குப் பின்னால் சுழலும் காற்றில் அடியிலிருந்து வெளியேறிய சூடும் கலந்திருக்கும். கீழ்விளிம்பு திறந்திருந்தால் அதுவே உள்ளே வரும். காற்று போதவில்லையென்றால் துளையுள்ள மூடிதான் முறையான வழி. துளையில்லாத மூடியுள்ள பழைய 1200 உடலில் 1600 எஞ்சினை ஏற்றியவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். அந்த எஞ்சின் கேட்கும் காற்றைக் கண்ணாடிக்குக் கீழுள்ள துளைகள் மட்டும் கொடுப்பது கடினம். துளையுள்ள மூடிக்குள் மழைத்தட்டு பொருத்தினால், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் நனையாது. பருவமழைக் காலத்தில் துளைகளைப் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டு, மறந்து அப்படியே விரைவுச்சாலையில் ஏறுவது எஞ்சினின் மூக்கைப் பொத்துவதுதான்.

ஆயில் கூலரும் ஏர்கானும்

பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே நின்று மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைத்தது. 1971 மாடலில் அதை கூட்டுக்கு வெளியே தள்ளி, தனிக் காற்றுவழி கொடுத்து, ஃபேனையும் அகலமாக்கினார்கள். இந்தப் பிந்தைய கூட்டை வாங்கிப் பழைய எஞ்சினில் மாட்டுவது நல்ல முதலீடு. ஆனால் கூலரிலிருந்து வரும் சூடான காற்றை முன்தகடு வழியாகக் கீழே இறக்கும் சிறு தகட்டுக் குழாயும், அதன் பஞ்சுச் சீலும் இல்லாமல் மாட்டினால், அந்தச் சூடு முழுதும் எஞ்சின் அறைக்குள்ளேயே கொட்டும். கூடுதல் கூலர் வைக்க விரும்பினால் அதை ஃபேன் வாய்க்கு எதிரே, எஞ்சின் அறைக்குள் வைக்காதீர்கள். காருக்கு அடியில், தனி மின்விசிறியோடு, சாலைத் தண்ணீர் அடிக்காத இடத்தில் வையுங்கள். அசல் கூலரை எடுத்துவிடாதீர்கள்.

ஏர்கான் இங்கே ஆடம்பரமல்ல, அதை நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆனால் ஏர்கானின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் இருக்கும் இடம் முக்கியம். போர்ஷே 911-இல் ஒரு கண்டென்சர் எஞ்சின் மூடியிலேயே இருப்பதால் ஃபேன் இழுக்கும் காற்று அதைக் கடந்துதான் வரும். அதன் துடுப்புகளில் தூசி அடைத்தால் ஏர்கானும் கெடும், எஞ்சினும் சூடாகும். 911-இல் ஃபேன் வாயைச் சுற்றியுள்ள ஃபைபர் கூட்டில் வெடிப்பு இருக்கிறதா, முன்சக்கர வளைவில் உள்ள ஆயில் கூலர் உண்மையில் சூடாகிறதா என்றும் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் அந்தக் குழாய்கள் குளிர்ந்திருந்தால் ஆயில் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கோம்பியில் பக்கவாட்டுக் காற்றுவாய்களுக்குப் பின்னால் சாமான்களை அடுக்காதீர்கள்.

ஆயில் கனமாக இருந்தால் நல்லது என்று 50 கிரேடு ஊற்றுவதும் இதே வரிசையில் வரும் தவறு. பீட்டில் எஞ்சினில் அழுத்தம் கூடினால் ஒரு வால்வு ஆயிலைக் கூலருக்கு அனுப்பாமல் நேரே திருப்பிவிடும். ஆயில் கனமாக இருந்தால் அது கூலரைத் தொடாமலே அதிக நேரம் சுற்றும். இரண்டரை லிட்டர்தான் கொள்ளளவு. அளவுகோலின் மேல்கோட்டைத் தாண்டக்கூடாது.

பெல்ட்

ஃபேன் பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் தண்டின் பக்கத்தில் சிறிய புல்லி போட்டால் சில குதிரைத்திறன் மிஞ்சும் என்கிறார்கள். அது மிஞ்சுவது ஃபேன் வேகத்தைக் குறைத்துத்தான். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்து செல்லும் காருக்கு அந்தப் பேரம் கட்டாது. அசல் புல்லியே இருக்கட்டும். கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் பெல்ட் சுமார் 15 மில்லிமீட்டர் இறங்கவேண்டும். தளர்ந்திருந்தால் ஜெனரேட்டர் புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவிலுள்ள வட்டத் தகடுகளில் ஒன்றை எடுத்து, நட்டுக்கு அடியில் வெளிப்பக்கம் போடுங்கள். வட்டத் தகடுகளின் மொத்த எண்ணிக்கை மாறக்கூடாது. அதிகம் இறுக்கினால் ஜெனரேட்டர் பேரிங் போகும்.

ஓடும்போது சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தால், "பேட்டரி வீடுவரை தாங்கும்" என்று தொடர்ந்து ஓட்டாதீர்கள். அந்த விளக்கு பெல்ட் அறுந்ததையும் குறிக்கலாம். பெல்ட் போனால் ஃபேனும் நிற்கும். ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்துங்கள். நீண்ட சுரங்கப்பாதைக்குள் இருந்தால் அவசர நிறுத்தப் பகுதி வரை மட்டும் போங்கள். ஒரு புதிய பெல்ட், 21 மில்லிமீட்டர் ஸ்பேனர், புல்லியைப் பிடிக்க ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவர்: இவை மூன்றும் காரில் இருந்தால் சாலையோரத்திலேயே பத்துப் பதினைந்து நிமிட வேலை. கையில் சூடு படாமல் இருக்க ஒரு ஜோடி கையுறையும் சேர்த்து வையுங்கள்.