ஊரே புகழ்ந்த ஃபேன்டசி நாவல் ஏமாற்றினால் என்ன செய்யலாம்?

காட்பாடியில் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்குவதற்குள், அதாவது ஏறக்குறைய 130 கிலோமீட்டருக்குள், நண்பர்கள் அனைவரும் புகழ்ந்த ஒரு ஃபேன்டசி நாவலின் மேல் எனக்கிருந்த ஆசை வடிந்துவிட்டது. இந்நிலையில் நூலைத் தூக்கி எறியவும் வேண்டாம். ரசனை போதவில்லையோ என்று உங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம்.

முதலில், எதை எதிர்பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, அது நூலின் பக்கங்களிலிருந்து எழுந்ததா, பின்னட்டையிலிருந்தும் பிறர் பேச்சிலிருந்தும் வந்ததா என்று பிரித்துப் பாருங்கள். போர்க்கதை என்று நம்பி வாங்கியது அரண்மனைச் சூழ்ச்சிக் கதையாக இருந்தால், குறை ஆசிரியருடையதன்று.

அடுத்து, கதையின் உலகம் தன் விதிகளுக்குத் தானே கட்டுப்படுகிறதா என்று சோதிக்க வேண்டும். நான் வாங்கிய நாவலில் ஒரு கோட்டை ஓராண்டு முற்றுகையில் கிடக்கிறது. உள்ளிருப்போர் எதைக் குடித்தார்கள், தானியம் எங்கிருந்து வந்தது என்ற பேச்சே இல்லை. அகழி சூழ்ந்த வேலூர்க் கருங்கல் கோட்டையை அன்றாடம் கடந்து செல்பவனுக்கு, அதிலும் பாலாற்றின் வெறும் மணலைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, தண்ணீர்க் கணக்கு தானாக வந்துவிடும். மந்திரத்துக்கும் இதே கணக்குதான்: முதல் அத்தியாயத்தில் விளக்கொன்றை ஏற்றவே மயங்கி விழுந்த நாயகன், பின்னர் ஒரு படையையே எரித்துவிட்டுக் களைப்பின்றி நடந்தால், இடையில் என்ன மாறியது என்பதை ஆசிரியர் சொல்லியாக வேண்டும்.

இல்லாத ஒன்றைப் படைப்பது குறையாகாது. அந்த வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளி எந்தக் காட்டிலும் திரிந்ததில்லை. ஆயினும் விழியும் பல்லும் உடலின் கனமும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதால், சிற்பி அதை நேரில் கண்டிருப்பாரோ என்று தோன்றும். உங்கள் நாவலின் டிராகனுக்கு அந்தக் கனம் உண்டா என்று பாருங்கள்.

மொழிபெயர்ப்பில் படித்திருந்தால், மூலத்தில் இரண்டு பக்கங்களையாவது பார்த்த பிறகு தீர்ப்புக்கு வாருங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் மனம் ஒட்டவில்லையெனில், கால்பங்கோடு நிறுத்திவிடலாம். கொடுத்த விலைக்காக மீதியையும் படிப்பது, காசு கொடுத்தோமே என்று ஊசிப்போன சோற்றை உண்பதற்கு ஒப்பாகும்.

பரிந்துரைத்த நண்பரிடம் நூல் மோசம் என்று சொல்லி மனத்தாங்கலைத் தேடிக்கொள்ளாமல், எந்தப் பக்கத்தில் கதை அவரைப் பிடித்துக்கொண்டது என்று கேட்டு, அந்த அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். என் நண்பர் 412ஆம் பக்கத்தைச் சொன்னார். நான் நிறுத்தியிருந்ததோ 180இல். புரட்டிப் பார்த்தேன்: அங்கே கோட்டைக்குள் ஒரு கிணறு இருந்தது. தானியம் மட்டும் அதுவரையிலும் வந்து சேர்ந்திருக்கவில்லை.