வீட்டில் கட்டும் காருக்கு பெட்ரோல், பிரேக், வயர் இழுப்பது எப்படி

முதலில் சைலன்சர் பைப்பை மாட்டிவிடுங்கள், அது எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் பெட்ரோல் லைன், அதாவது டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பைப். சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், அடிமட்டத்துக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது, ஸ்பீடு பிரேக்கரில் முதலில் அடிபடுவது அதுதான். வயரைப் பெட்ரோல் லைனோடு சேர்த்துக் கட்டவே கட்டாதீர்கள். தனியாக, அதற்கு மேலே கொண்டு போங்கள். பெட்ரோல் கசிந்தால் கீழேதான் சொட்டும்.

பிரேக் பைப்பில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கடலூர் தேவனாம்பட்டினம் மாதிரி கடற்கரைப் பக்கம் வண்டி நிற்கிறது என்றால் உப்புக்காற்றில் சாதா இரும்பு பைப் சீக்கிரம் துருப்பிடிக்கும். செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோ நிக்கல் பைப் அதைத் தாங்கும், வளைப்பதும் சுலபம். ஏசி வேலைக்கு வரும் வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் விரிசல் விடும். சுமார் 30 செ.மீ.க்கு ஒரு கிளிப் போடுங்கள். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸை மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சஸ்பென்ஷனை முழுசாக இறக்கியும் அமுக்கியும் பாருங்கள், ஹோஸ் எங்கேயும் இழுபடவோ டயரில் உரசவோ கூடாது.

பெட்ரோல் ஹோஸ் வாங்கும்போது, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் வயரிங். தகட்டில் ஓட்டை போட்ட இடமெல்லாம் ரப்பர் கிராமெட் கட்டாயம், தகட்டின் விளிம்பு வயரை அறுக்காமல் இருக்க ஓட்டையில் மாட்டும் வளையம் அது. மெயின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரைக்கும் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.